ஆசாரக்கோவையின் ஒன்பதின்மர்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திருக்குறள் அரியணை ஏறியது. நாலடியாருக்கும் அதன் பக்கத்தே ஓர் இருக்கை கிடைத்தது. ஆசாரக்கோவையோ இன்றளவும் வாயிற்படியிலேயே நிற்கின்றது. பட்டிமன்றத்திற்கு அதனைப் பொருளாகக் கொண்டாரை நாம் கண்டதில்லை. கவியரங்கத் தலைமையுரையிலும் அதன் பெயர் ஒலித்துக் கேட்டதில்லை. நாம் இளங்கலை பயின்ற நாளில் அந்நூலைப் பற்றித் தேர்வுக்கென மனப்பாடம் செய்தவை மூன்றே: ஆசிரியர் பெருவாயின் முள்ளியார், ஊர் கயத்தூர், பாட்டு 100. இம்மூன்றும் அறிந்தவன் நூலையே அறிந்தவனாகக் கருதப்பட்டு மதிப்பெண்ணும் பெற்றான். நாமும் பெற்றோம்.

பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்து சேர்ந்த பின்னர், ஒரு கோடை விடுமுறையில், தமிழ் நூல்களுக்கான ஏக்கத்தால் கிடைத்ததை எல்லாம் படித்துக் கொண்டிருந்தபோதுதான் ஆசாரக்கோவையை முதன்முறையாக முழுதும் படித்தோம். முதல் வாசிப்பில் நகைப்பே மிகுந்தது என்பதை மறைப்பானேன்? எவ்வெப்போது நீராடுவது, எத்திசை நோக்கி உண்பது, எப்பக்கம் தலைவைத்து உறங்குவது என்று நொடிக்கு நொடி கைப்பிடித்து நடத்தும் நூல் அது. திரிகடுகம் மும்மூன்றாகவும் சிறுபஞ்சமூலம் ஐந்தைந்தாகவும் ஏலாதி அவ்வாறாகவும் பொருள்களை அடுக்கும். முள்ளியாருக்கு அத்தகைய கட்டுப்பாடும் இல்லை. வேண்டும்போது ஐந்து, வேண்டும்போது எட்டு, வேண்டும்போது பத்து என அளந்து போடுகின்றார். குறள் வெண்பா முதல் பஃறொடை வெண்பா வரை யாப்பும் பாத்திரத்திற்கேற்பச் சுருங்கி விரிகின்றது. பலசரக்குக் கடைக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியலை வெண்பாவில் யாத்தாற்போல் உள்ளதே என்று எண்ணி மூடிவைத்தோம்.

பட்டியல் என்று தள்ளியது நம் பிழை. பட்டியலுக்கும் ஒரு கவிதை உண்டு. அதில் எது எதன் அருகே நிற்கின்றது என்பதில் அஃது இருக்கின்றது. ஒரு சான்று காண்போம். உமிழ்தலும் மல சலம் கழித்தலும் ஆகாத பத்து இடங்களை முள்ளியார் ஒரு பாட்டில் எண்ணுகின்றார். புல், விளைபயிர், ஆவின் சாணம், சுடலை, வழி, நீர்த்துறை, கோயில், நிழல், பசுக்கள் நிற்குமிடம், சாம்பல் என்பன அவை. கோயிலும் நீர்த்துறையும் தெய்வ அச்சத்தால் வந்தன எனலாம். பயிரும் பசுவும் பிழைப்பின்பாற்பட்டவை. நிழல் எதன்பாற்பட்டது? நிழலில் தெய்வம் இல்லை. அது விளைவதும் இல்லை. எவருக்கும் உடைமையும் அன்று. ஆயினும் நாம் எழுந்து சென்ற பின்னர் அங்கே வேறொருவன் வந்து அமர்வான். அவன் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவனுக்கும் தெரியாது. அந்த முகமறியாதவனுக்காகவே நிழல் என்னும் சொல் கோயிலுக்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. பொதுவிட நாகரிகம் என்று நாம் இன்று பெரிதாகப் பேசுவதன் முழு வித்தும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டது.

தலைநகரின் பல கட்டடங்களில் மாடிப்படித் திருப்பங்களிலே வெற்றிலைச் சாறு உமிழாதிருக்கும் பொருட்டுத் தெய்வப்படம் பதித்த ஓடுகளைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். பிள்ளையாரும் ஏசுவும் குருநானக்கும் மெக்காவின் கஅபாவும் ஒரே வரிசையில் நின்று அச்சுவரைக் காவல் புரிகின்றனர். நாட்டின் ஒற்றுமைக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை! ஆனால் அவ்வரிசை முடிந்த இடத்திற்கு அப்பால் சுவர் சிவந்தே கிடக்கின்றது. கோயிலுக்கு அஞ்சியவன் நிழலுக்கு இரங்கக் கற்கவில்லை. முள்ளியாரின் பட்டியலில் பாதியை மட்டுமே நாம் ஏற்றுக்கொண்டோம் என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு கேள்வி எழும். வள்ளுவர் இவற்றையெல்லாம் சொல்லாமலேயே பண்பைப் பாடவில்லையா? பாடினார். பண்புடைமைக்கென 100ஆம் அதிகாரத்தை வகுத்தவர், அரம்போலக் கூரிய அறிவுடையாரும் மக்கட்பண்பு இல்லையேல் மரமே என்று கடிந்தார். அனிச்சம் மோந்தால் வாடும், விருந்தினரோ முகம் வேறுபட்டு நோக்கினாலே வாடுவர் என்று அவர் சொன்னதற்கு ஈடான நுட்பம் ஆசாரக்கோவை முழுவதிலும் ஓரிடத்தேனும் இல்லை. விருந்தினரையும் மூத்தோரையும் பசுவையும் பறவையையும் பிள்ளைகளையும் உண்பித்த பின்னரே உண்க என்று முள்ளியார் விதிக்கின்றார். உண்பிக்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வள்ளுவரே காண்கின்றார். பிறர் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடத்தலே பண்பு என்னும் கலித்தொகையின் விளக்கமும் வள்ளுவர் பக்கமே சேரும். முள்ளியார் கைகால்களுக்குப் பாடம் சொல்பவர். பெரியோர் முன்னிலையில் கொட்டாவி விடாதே, தும்மாதே, காது சொறியாதே, கையை ஆட்டிப் பேசாதே, பிறர் காதோடு காதாகப் பேசுவதைக் கேளாதே என்பன போன்ற அவர்தம் விதிகளில் உள்ளத்திற்கு வேலை குறைவு.

ஆயினும் உள்ளம் நல்லதாயினும் கை அறியாமையால் பிறரைப் புண்படுத்துவார் பலர். பேருந்தில் நம் தோள்மேல் சாய்ந்து செய்தித்தாள் படிப்பவர் தீயவர் அல்லர். மெட்ரோ வண்டியில் கைப்பேசியின் பாட்டை ஊரறிய ஒலிக்க விடும் இளைஞன், வீட்டில் தாய்க்குத் தைலம் தேய்த்து விடுபவனாகவும் இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது வள்ளுவர் அல்லர், முள்ளியாரே.

நூலின் குறைகளைப் பூசி மெழுகுதல் திறனாய்வு ஆகாது. முனிவர் சொன்ன ஆரிடத்தின் வழியே தொகுத்ததாகப் பாயிரம் கூறும் நூல் அது. ஸ்மிருதிகளின் சாயல் அதன்மேல் அழுத்தமாகப் படிந்துள்ளது. உண்ட எச்சிலோடு பார்க்கலாகாதவை எனத் திங்கள், ஞாயிறு, நாய், வீழ்மீன் இவற்றொடு புலையரையும் சேர்த்து எண்ணும் பாட்டு, இந்நூலின் நெற்றியில் ஆறாத வடு. மனிதனை நாயொடு ஒரே வரிசையில் நிறுத்திய பட்டியலை ஒழுக்கம் என்று நாம் ஒருகாலும் ஒப்ப இயலாது. பட்டியலில் எது எதன் அருகே நிற்கின்றது என்பதிலே கவிதை இருப்பதுபோல் கொடுமையும் இருக்கும் என்பதற்கு இதுவே சான்று. தாயோடும் மகளோடும் உடன்பிறந்தாளோடும்கூடத் தனித்து உறையற்க என்னும் பாட்டும் மனித இயல்பின்மேல் கொண்ட ஐயத்தின் விளைவேயன்றி மதிப்பின் விளைவு அன்று. இவற்றை நீக்கிப் படிக்க வேண்டுமா, நீக்காமல் நாணத்தோடு படிக்க வேண்டுமா எனின், பின்னதையே நாம் விரும்புவோம்.

இத்துணையும் சொல்லிய பின்னர், நூலின் கடைசிப் பாட்டிற்கு வருவோம். இக்கட்டுரை எழுந்தது அதன் பொருட்டே.

தொண்ணூற்றொன்பது பாட்டுகளில் விதிமேல் விதியாக அடுக்கிய முள்ளியார், நூறாவது பாட்டில் யார் யாருக்கு இவ்விதிகள் இல்லை என்று சொல்லி முடிக்கின்றார். அறியாத தேசத்தைச் சேர்ந்தவன், ஆதுலன், மூத்தவன், இளையவன், உயிர் இழந்தவன், அஞ்சியவன், உண்டுகொண்டிருப்பவன், அரசர் பணியை மேற்கொண்டவன், மணமகன் என ஒன்பதின்மர். இவர்கள் ஆசாரத்தினின்று விடுதலை பெற்றவர்கள் என்கின்றார். முதற்பாட்டில் நன்றியறிதல், பொறுமை, இன்சொல் எனத் தொடங்கி எட்டினை நல்லொழுக்கத்தின் வித்துகளாக விதைத்தவர், இறுதியில் வேலியின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகின்றார். நூற்பயனைச் சொல்லி முடிக்க வேண்டிய இடத்தில் விதிவிலக்கைச் சொல்லி முடித்த துணிவை நாம் எத்துணை வியந்தாலும் தகும்.

ஒன்பதின்மரையும் ஒருமுறை உற்று நோக்குக. அஞ்சியவனிடம் மரியாதையை எதிர்பார்த்தல் கொடுமை என்பதை அறிய ஒரு நூற்றாண்டு உளவியல் வேண்டியிருந்தது. முள்ளியார் ஒரு சொல்லில் அதனைக் கடந்துவிட்டார். உண்பவன் எழுந்து வணங்க வேண்டா என்பது இன்றும் நம் ஊர்களில் வழங்கும் நன்மரபு. சோற்றின்முன் அமர்ந்தவனுக்குப் பெரியவர் வந்தாலும் ‘இரு, சாப்பிடு’ என்றே சொல்லக் கேட்கின்றோம். ஆதுலன் என்னும் சொல் வறியவனையும் குறிக்கும், நோயாளியையும் குறிக்கும். இரண்டுமே பொருந்துவதால் எதனையும் விலக்க வேண்டுவதில்லை. மணமகனைச் சேர்த்தது புலவரின் குறும்பு என்றே கருதுகின்றோம்.

எஞ்சியவற்றுள் இரண்டு நம்மை, அதாவது தலைநகரில் மத்திய அரசுப் பணி புரியும் தமிழரை, நேரே சுட்டுவன. அறியாத தேசத்தான் என்பதிலும் நாம் உள்ளோம், அரசர் பணி மேற்கொண்டவன் என்பதிலும் நாம் உள்ளோம். ஒன்பதில் இரண்டு விலக்கு நமக்கே! இப்பாட்டை முதலில் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. விடுப்பு விதிகளில் நமக்குச் சாதகமான உட்பிரிவு ஒன்றைக் கண்டுபிடித்த எழுத்தனின் மகிழ்ச்சி அது.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மத்திய அரசின் ஓய்வூதியர், தாம் உயிரோடு இருப்பதற்கான சான்றினை ஆண்டுதோறும் நவம்பரில் அளித்தல் வேண்டும். 2014இல் கணினி வழி அளிக்கும் முறை வந்த பின்னர் அலைச்சல் குறைந்தது. அதற்கு முன்னர் முதியோர் நேரில் வந்து வரிசையில் நிற்பதே பெரும்பான்மை. அத்தகைய ஒரு நவம்பரில் நம் மேசையின்முன் ஒரு முதியவர் வந்து நின்றார். நாம் பேரேட்டினின்று தலை நிமிரவில்லை. அமருங்கள் என்றும் சொல்லவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படாதிருந்ததைச் சுட்டி, மறுபடி எழுதி வருமாறு ஆங்கிலத்தில் கூறினோம். அவர் மேசைமேலிருந்த பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் தமிழில் கேட்டார்: “தம்பி, நான் இருக்கிறேன் என்பதற்கு நான் வந்து நிற்பது போதாதா?”

“படிவத்திலும் இருக்க வேண்டும், ஐயா” என்றோம். அவர் சிரித்துவிட்டு எழுதப் போனார்.

மூத்தவன் ஒருபுறமும் அரசர் பணி மேற்கொண்டவன் மறுபுறமுமாக, விலக்குப் பெற்ற இருவர் ஒரு மேசைக்கு இருபுறமும் நின்றால் எவர் எவருக்கு விட்டுக்கொடுப்பது? முள்ளியார் இதற்கு விடை கூறவில்லை என்று எண்ணியிருந்தோம். கூறியிருக்கின்றார். விலக்கு என்பது ஒருவன் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் சலுகை அன்று. பிறன் அவனுக்கு மனமுவந்து அளிப்பது. அஞ்சியவன் நான் அஞ்சியவன் என்று வழக்காட மாட்டான். உயிர் இழந்தவன் எதையும் கேட்கவே மாட்டான். பாட்டு முழுவதும் அவர்களைப் பார்த்துக் கொண்டிருப்பவனுக்கே சொல்லப்பட்டது. ‘இவன் வணங்கவில்லையே என்று சினவாதே, இவன் உண்கின்றான், இவன் நோயுற்றான், இவன் குழந்தை’ என்பதே அதன் குரல். இவ்வாறு படித்தால் ஆசாரக்கோவையின் நூறாவது பாட்டு வள்ளுவரின் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்திற்குப் பக்கத்து வீடாகிவிடுகின்றது. நஞ்சு பெய்வதைக் கண்டிருந்தும் நண்பர் மனம் நோகாமல் உண்டு அமையும் நாகரிகம் நம்மால் ஆவதன்று. பெயர்ப்பலகையைக் கண்டு சிரித்த முதியவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போடுவது ஆகும். ஆகியும் செய்திலோம்.

இனி அறியாத தேசத்தானுக்கு வருவோம். ‘அறியாத’ என்பதனை இருவகையாகக் கொள்ளலாம். நாம் அறியாத தேசத்தினின்று வந்தவன் என்பது ஒன்று. வந்து சேர்ந்த தேசத்தின் வழக்கத்தைத் தான் அறியாதவன் என்பது மற்றொன்று. முதலாவது கொண்டால் அயலான் அவன். இரண்டாவது கொண்டால் அயலில் வாழும் நாம். எது சரி என்று நெடுங்காலம் எண்ணியதுண்டு. இப்போது, இரண்டும் ஒருங்கே சரியாகும் இடமும் உண்டு என்று தோன்றுகின்றது. அதனைச் சொல்ல, நூலினின்று மற்றொரு விதியை எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாயிலுக்குச் செல்ல வேண்டும்.

ஒருவர் புறப்படும்போது பின்னின்று கூவாதே, தும்மாதே, எங்கே போகின்றீர் என்று கேளாதே, எதிரே வந்து நின்று பேசாதே என்கின்றார் முள்ளியார். இத்துணை நூற்றாண்டுகள் கடந்தும் தமிழ்நாட்டில் எழுத்துப் பிசகாமல் வாழும் விதி இதுவே ஆகலாம். ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்பதும், தவறிப்போய்க் கேட்க நேர்ந்தால் ‘எங்கே’ என்னாது ‘தூரமா’ என்று வளைத்துக் கேட்பதும் இதன் கிளைகள். வடக்கிலோ, வாயிலில் ஒருவரைக் கண்டால் எங்கே புறப்பட்டீர்கள் என்று கேட்பதே அன்பு, கேளாதிருப்பதுதான் பாராமுகம். ‘நீங்கள்’, ‘நீ’ என்னும் நம் வேறுபாட்டிற்கு இந்தியில் ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என மூன்று படிகள் இருப்பதை இலக்கணப் புத்தகம் சொல்லிவிடும். இந்த வேறுபாட்டை எப்புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை.

2009ஆம் ஆண்டு ஒரு மாலையில், தாயார் கவலைக்கிடமாக உள்ளார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. அன்றிரவு வண்டிக்கே கிளம்பினோம். அரசுக் குடியிருப்பில் எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி முதியவள் தன் மகனோடு வாழ்ந்து வந்தாள். நாம் மாதாஜி என்று அழைப்போம். பெட்டியோடு படி இறங்கிய நம்மைக் கண்டு, தன் வாயிலினின்று உரக்க, “எங்கே கிளம்பிவிட்டாய், பேட்டா?” என்று கேட்டாள். பின்னின்று கூவுதல், எங்கே என்று கேட்டல் என்று ஒரே மூச்சில் இரண்டு விதிகளும் முறிந்தன. நம் இல்லத்தரசியின் முகம் இருண்டது. நாம் திரும்பிப் பார்த்தோம், விடை கூறவில்லை. எத்தகைய பார்வை அது என்பதை, வள்ளுவர் அனிச்சத்தைப் பற்றிச் சொன்ன குறளைப் படிக்கும்தோறும் நினைவு கூர்கின்றோம். வண்டி நாக்பூரைக் கடந்த பின்னர்த் தாயார் மறைந்த செய்தி கைப்பேசியில் வந்தது.

அவள் கேட்டதற்கும் அச்செய்திக்கும் தொடர்பில்லை என்பதை அறிவு அறியும். ஆயினும் பதினாறாம் நாள் கடந்து தில்லி திரும்பும் வரையிலும், திரும்பிய பின்னரும், அந்தக் குரலை நாம் மன்னித்தோமில்லை. இருபது நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் தாழ்வாரத்தில் துளசிச் செடி வாடாமல் நின்றது. கம்பிக் கதவின் இடைவெளியில் கையை நுழைத்து அவள் நாள்தோறும் நீர் வார்த்திருக்கின்றாள். அன்றிரவு தட்டில் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து, துக்க வீட்டில் இன்று அடுப்பு மூட்ட வேண்டா என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். பெற்றுக்கொண்டோம், உண்டோம். அன்றைய பார்வைக்குக் காரணம் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கத்தை அவளுக்கு விளக்கியிருக்கலாம். விளக்கினால் அவள் கேட்டதைக் குற்றமாக்கியது போலாகுமே என்று எண்ணினோமா, விளக்க நமக்கு இந்தி போதவில்லையா, இன்று நினைவில்லை.

அவள் மகன் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். வீட்டை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட நாளில் லாரியில் சாமான்கள் ஏறின. முன்னிருக்கையில் அவளை ஏற்றி அமர்த்தினர். நாம் வாயிலில் நின்றோம். தாயகத்தில் பயின்ற முறைப்படி ஓரமாக ஒதுங்கி, கைகூப்பி, வாய் திறவாது நின்றோம். லாரி நகரும்வரை அவள் எதையோ எதிர்பார்ப்பவள்போல் நம்மையே பார்த்துக் கொண்டிருந்தாள். எங்கே போகின்றீர்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆகவே அவள் எந்த ஊருக்குச் சென்றாள் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.